செவுளோடு பிறந்த மீன்காரன்

திங்கள் சந்தையில் மீன் விற்ற முக்பிலுக்கு இடது கழுத்தில், காறையெலும்புக்குக் கொஞ்சம் மேலே, குண்டூசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. பிறவியிலேயே வந்தது. சளி பிடிக்கிற காலத்தில் அதில் பசை மாதிரி ஒரு சொட்டு நீர் வந்து நிற்கும். சில குளிர்காலங்களில் அந்த இடமே எலுமிச்சம்பழம் போல வீங்கும். நாவிதர் மஸூத் வந்து பழுக்கக் காய்ச்சிய ஆணியால் சுற்றிலும் சூடு வைப்பார், வீக்கம் வடியும். சூடு வைக்காவிட்டாலும் வடிந்திருக்கும் என்று சொல்ல அந்த மலையில் ஆள் கிடையாது. ஆக, அவன் கழுத்தின் இடது பக்கம் வட்டம் வட்டமாகத் தழும்புகள், நடுவில் அந்த ஓட்டை.

கடலே தெரியாத மலையுச்சியில் மீன் விற்கிறவன் கழுத்தில் ஓட்டை இருந்தால் ஊர் சும்மா விடுமா? செவுள் என்று பெயர் வைத்துவிட்டார்கள். முக்பிலும் கோபித்துக்கொள்ளவில்லை. மீன் பழசா என்று யாராவது இழுத்தால், சட்டைக் கழுத்தை விலக்கிக் காட்டி, சொந்தக்காரனே சொல்கிறேன், நம்பி வாங்கு என்பான். மலைக்குக் கீழே கடற்கரையில் இருக்கும் ஹுதைதா துறைமுகத்தில் விடியற்காலை ஐஸ் பெட்டிகளை ஏற்றி, வெயில் உச்சிக்கு வருவதற்குள் வண்டியை மலைமேல் கொண்டுவந்து சேர்ப்பவன். மீன் பழசாக அவன் விட்டதில்லை. வாய்தான் கொஞ்சம் நீளம்.

அவனுடைய அண்ணன் தைஃபல்லாவுக்கு இந்த வியாபாரம் தொண்டையில் முள். பைத் ஸஹ்ல் ஊரில் நிலமும் துப்பாக்கியும் உள்ள குடும்பம் அது. அந்தக் குடும்பத்தில் ஒருவன் தராசு பிடித்து, அதுவும் மீன் நிறுத்துப் பிழைப்பது கேவலம் என்று தம்பி வீட்டு வாசலையே பல வருஷமாக மிதிக்கவில்லை. நாற்றம் தாங்கவில்லையாம். முக்பிலின் மனைவி நூரியா இதைக் கேட்டால், அண்ணன் வீட்டுக் கழுதை லாயத்தில் என்ன அத்தரா மணக்கிறது என்று கிணற்றடியில் கேட்பாள். கிணற்றடியில் கேட்டால் அண்ணன் வீட்டில் கேட்ட மாதிரிதான். முக்பிலுக்கும் நூரியாவுக்கும் ஒரே பிள்ளை, ரத்வான். டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிற கடையில் வேலை. மீசை அரும்பி, பெண் பேசி வைத்திருந்தார்கள். துப்பாக்கியைத் துடைக்கத் தெரிந்த பையன், சுடத் தெரியாது.

முக்பிலின் தாடை உடைந்த கதை சின்னது. பக்கத்து ஊரான பைத் மிஷ்ராக்கிலிருந்து ஜுப்ரான் என்று ஒருவன், சவூதியில் சம்பாதித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தான். புது வண்டி, புதுத் துப்பாக்கி. சந்தை நடுவில் வந்து, ஒரு மீனின் வயிற்றை அமுக்கிப் பார்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, நாறுகிறது என்று நாலு பேர் கேட்கச் சொன்னான்.

முக்பில் மீனை எடுத்து மோந்து பார்த்தான். பிறகு ஜுப்ரான் பக்கம் மூக்கை நீட்டினான். "மீன்ல இல்ல மாப்ளே. இவ்வளவு நேரம் நாறவே இல்ல. நீ வாயத் தொறந்த பிறகுதான்."

ஆண்கள் சிரித்ததை ஜுப்ரான் பொறுத்திருப்பான். பின்னால் ரொட்டி விற்கும் பெண்கள் முகத்திரைக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள், அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. தோளிலிருந்த துப்பாக்கியைத் திருப்பி, கட்டையால் ஓங்கி அடித்தான். காய்ந்த ரொட்டியை முறிப்பது போல ஒரு சத்தம் கேட்டதாக அந்தப் பெண்களே பிறகு சொன்னார்கள். முக்பில் ஐஸ் பெட்டி மேல் சாய்ந்து உட்கார்ந்தான். பதிலுக்கு ஏதோ சொல்ல வாயெடுத்தான், வாய் அவன் பேச்சைக் கேட்கவில்லை. கீழ்த்தாடை ஒரு பக்கமாகத் தனியே தொங்கியது.

கீழே நகரத்து ஆஸ்பத்திரியில் அர்வா என்று ஒரு பெண் டாக்டர், தாடை எலும்புக்கென்றே படித்தவள். படம் எடுத்துப் பார்த்து, காதுக்குக் கீழே தாடை வளைகிற இடத்தில் முறிந்திருக்கிறது என்றாள். மேல் பல் வரிசையையும் கீழ் பல் வரிசையையும் சேர்த்துக் கம்பியால் கட்டினாள். எலும்பு சேரும்வரை வாய் திறக்காது. கடைவாயில் ஏற்கெனவே ஒரு பல் இல்லாத சந்து இருந்தது நல்லதாகப் போயிற்று, அதன் வழியாகக் குழாயில் கஞ்சி ஊற்றலாம்.

கட்டி முடித்த பிறகுதான் கழுத்து ஓட்டையைப் பார்த்தாள். தழும்புகளைத் தடவி, யார் இப்படிச் சுட்டது என்று கேட்டாள். நூரியா செவுள் கதையைச் சொன்னதும் டாக்டர் சிரிக்கவில்லை. ஊர் சொல்வது முழுப் பொய்யும் இல்லை என்றாள். வயிற்றுக்குள் பிள்ளை பயறளவு இருக்கும்போது எல்லோருக்கும் கழுத்துப் பக்கம் மடிப்பு மடிப்பாக இருக்குமாம், மீன் குஞ்சுக்கு இருப்பது போலவே. மேல் மடிப்பு தாடையாக வளரும். கீழ் மடிப்புகள் ஒன்றையொன்று மூடிக் கழுத்தாகிவிடும். முக்பிலுக்கு ஒன்று மட்டும் சரியாக மூடாமல் விட்டுப்போயிருக்கிறது. தாடை சேர்ந்த பிறகு அதையும் கத்தி வைத்து எடுத்துவிடலாம். முக்பில் இதைக் கேட்டுக்கொண்டு கட்டிலில் படுத்தபடி, கையைத் துடுப்பு மாதிரி ஆட்டிக் காட்டினான். வாயைக் கட்டினாலும் இவன் அடங்க மாட்டான் என்று நூரியாவுக்கு அப்போது கொஞ்சம் தைரியம் வந்தது.

புறப்படும்போது டாக்டர் ஒரு சின்னக் கம்பிவெட்டியை நூரியா கையில் கொடுத்தாள். எந்தெந்தக் கம்பியை எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று தொட்டுக் காட்டினாள்.

"வாந்தி வந்தாலோ மூச்சு முட்டினாலோ யாரையும் கேட்டுட்டு நிக்காதீங்க, வெட்டிடுங்க. கஞ்சி குடிச்சாலும் உப்புத் தண்ணில கொப்பளிக்கணும். மெல்லுற காத் இலை கூடாது, அதோட சாறுகூட கூடாது. கழுத்து வீங்கினா அது பழைய வீக்கமா புதுசான்னு நீங்களா முடிவு பண்ணாதீங்கம்மா. நேரா இங்க வாங்க."

நூரியா கம்பிவெட்டியை நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். தாயத்து மாதிரி தொங்கியது.

வீட்டுக்கு வந்தால் வாசலில் தைஃபல்லா. இத்தனை வருஷம் நாற்றம் தாங்காதவர், இப்போது தம்பி மேல் பாசம் பொங்கி, துப்பாக்கியோடும் ஆட்களோடும் தினமும் வந்து உட்கார்ந்தார். வந்தவர்களுக்கெல்லாம் நூரியாதான் கல்சட்டியில் கொதிக்கக் கொதிக்க சல்த்தா என்கிற இறைச்சிக் குழம்பு வைத்தாள். பைத் மிஷ்ராக்காரர்களோடு மேய்ச்சல் நிலத்துச் சண்டை ஒன்று அவருக்கு ரொம்ப நாளாக நிலுவையில் இருந்தது. தம்பியின் தாடை அவருக்கு நல்ல நேரத்தில் உடைந்திருந்தது என்று ஊரில் மெல்லப் பேசிக்கொண்டார்கள். சத்தமாகப் பேசவில்லை.

அந்தப் பக்கத்து வழக்கம் இது: சந்தைக்குள் ஒருவனை அடித்தால் அது சந்தையையே அடித்த மாதிரி. அடித்தவன் ஊர் காளைகளைக் கொண்டுவந்து வாசலில் அறுத்துத் தலைகுனிய வேண்டும். அடிபட்டவன் அடித்தவன் கையால், ஆண்கள் தினமும் மென்று கன்னத்தில் அடக்கும் காத் இலைக் கொத்தை வாங்கி, எல்லோர் முன்னாலும் மென்று, சேர்ந்து உட்கார வேண்டும். அத்தோடு முடிந்தது. ஆனால் அந்த வருஷம் முடிவதற்குள் அந்த அடியால் அவன் செத்தால் காளையும் கிடையாது, சமாதானமும் கிடையாது. அடி கொலையாகிவிடும். செத்தவனின் மூத்த மகன்தான் முதல் குண்டு சுட வேண்டும். இங்கே மூத்தவனும் ரத்வான், இளையவனும் ரத்வான்.

இதை முக்பிலுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஊர்த் தலைவர் ஷேக் ஹிஸாம் பஞ்சாயத்துக்கு நாள் குறித்ததும் அவன் சம்மதம் என்று தலையாட்டினான். தைஃபல்லாதான் கம்பி கட்டிய வாயோடு எப்படி மெல்லுவான், மெல்லாத சமாதானம் சமாதானமா என்று கிளப்பினார்.

அன்று காளைகள் அறுபட்டன. ஷேக் வீட்டுக் கூடத்தில் இரண்டு ஊர் ஆண்களும் திண்டுகளில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். ஜுப்ரான் எழுந்து வந்து, தலையைக் குனிந்து, இலைக் கொத்தை நீட்டினான். முக்பில் வாங்கினான். கூடமே அவன் வாயைப் பார்த்தது. அவன் அவசரப்படவில்லை. மூலையில் பல் இல்லாத ஒரு முதியவர், தன் இலையைப் பித்தளை உரலில் இடித்துக்கொண்டிருந்தார். மெல்ல முடியாதவர்களுக்கு அங்கே அதுதான் வழி. முக்பில் போய் அந்த உரலை வாங்கி, ஜுப்ரான் கொடுத்த தளிரைப் போட்டு நங்கு நங்கென்று இடித்து, விழுதை விரலால் எடுத்து, கம்பிக்கு வெளியே கன்னத்துக்குள் அடைத்துக்கொண்டான். பிறகு எல்லோரையும் பார்த்து, பல்லுபோன கிழவன் மாதிரி கன்னத்தைக் குதப்பிக் காட்டினான். ஜுப்ரானே சிரித்துவிட்டான். ஷேக் கையைத் தூக்கி, முடிந்தது என்றார். தைஃபல்லா மட்டும் தன் இலையைக் கொஞ்சம் அழுத்தி மென்றார்.

மேல்மாடியில் பெண்களோடு இருந்த நூரியாவுக்கு உரல் சத்தம் கேட்டது. என்ன நடக்கிறதென்று புரிந்தது. சாயங்காலம் அவன் வந்ததும் உப்புத் தண்ணீரோடு நின்றாள், வாயைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். ஒன்றும் ஆகவில்லை. அன்றோடு விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்றுதான் அவள் பிறகு நினைத்துக்கொண்டாள்.

அவன் விடவில்லை. அடுத்த சந்தையிலேயே தனக்கென்று ஒரு பித்தளை உரல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். நூரியா சண்டை போட்டாள், உரலை மாவுப் பானைக்குள் ஒளித்து வைத்தாள், டாக்டரிடம் சொல்வேன் என்று மிரட்டினாள். அவன் கண்ணாலேயே கெஞ்சுவான். அவளுக்கும் தெரியும். வீட்டில் தனியாக உட்கார்ந்தால் கஞ்சிக் குழாயும் சுவரும்தான். அந்த ஊரில் மதியத்துக்கு மேல் இலை அடக்கி ஒரு பக்கக் கன்னம் உப்பாத ஆணுக்குக் கூடத்தில் இடம் கிடையாது. வாயை வைத்தே வாழ்ந்தவன் வாய் கட்டிக் கிடக்கும்போது, நாலு பேர் பேசுவதைக் கேட்கவாவது அங்கே போய் உட்கார வேண்டாமா? போனான், தினமும் போனான். திரும்பி வந்து அசதியில் கொப்பளிக்காமலே தூங்கிய நாட்களும் உண்டு. விழுது கடைவாய்க்குப் பின்னால், எலும்பு முறிந்த இடத்துக்கு மேலேயே போய்த் தங்கியது.

இலை அடக்கும் பக்கம் கன்னம் உப்பியிருப்பது எல்லா ஆணுக்கும் உள்ளதுதான். அதனால் யாரும் கவனிக்கவில்லை. ஒருநாள் காலையில் கஞ்சி ஊற்றும்போது நூரியா பார்த்தாள், வாயில் இலை இல்லை, கன்னம் இறங்கவும் இல்லை. தொட்டால் சுட்டது. இரண்டொரு நாளில் வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கிக் கழுத்துக்கு வந்தது.

முக்பில் கவலைப்படவில்லை. அந்த ஓட்டையைத் தொட்டுக் காட்டினான். பழைய சிநேகிதன் வந்திருக்கிறான், அவ்வளவுதான் என்பது போலக் கையை விரித்தான். குளிர்காலமும்கூட. நூரியா டாக்டர் சொன்னதைச் சொன்னாள். தைஃபல்லா, பிறந்ததிலிருந்து வருகிற வீக்கத்துக்கு நகரத்துக்கு ஓடுவார்களா என்று கேட்டார். நாவிதர் மஸூத் ஆணியைக் காய்ச்சிக்கொண்டு வந்துவிட்டார். இத்தனை வருஷம் பலித்த வைத்தியம், கண்ணால் கண்டது. மூன்று ஆண்களும் ஒரு ஆணியும் ஒருபக்கம், டாக்டரின் வார்த்தை ஒருபக்கம். நூரியா பேசாமல் இருந்துவிட்டாள். சதை கருகும் வாசனை வந்தபோது முக்பில் அவள் கையைப் பிடித்திருந்தான். வலியில், மூடிய பற்களுக்குள்ளேயே முனகினான்.

இந்தமுறை வடியவில்லை. மோவாய்க்குக் கீழே பலகை மாதிரி கட்டிப்போய், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் பரவியது. எச்சில் விழுங்க முடியாமல் ஒழுகியது. படுத்தால் மூச்சு முட்ட, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தான். ஒவ்வொரு மூச்சும் ரம்பம் அறுப்பது போலக் கேட்டது. காலை வெயில் முற்றத்தில் விழுந்தபோது நூரியா மகனைப் பார்த்து வண்டி கொண்டு வா என்று கத்தினாள். முக்பிலின் வண்டி வாரக்கணக்கில் நின்று பாட்டரி செத்துக் கிடந்தது. ரத்வான் ஓடினான். அந்த நேரத்தில் மலைமேல் ஓடுகிற நிலையில் இருந்த வண்டி ஜுப்ரானுடையது ஒன்றுதான். அவனே ஓட்டிக்கொண்டு வந்தான்.

வண்டி முற்றத்துக்குள் வருவதற்குள் தைஃபல்லாவின் ஆட்கள் சுவரோரம் வந்து நின்றுவிட்டார்கள். ரொட்டிக்காரிகள், நாவிதர், அக்கம்பக்கம் எல்லோரும் கூடிவிட்டார்கள். தைஃபல்லா ஒரு துப்பாக்கியை ரத்வான் கையில் திணித்து, வண்டி முன்னால் நிறுத்தினார்.

"ஏத்திட்டுப் போகட்டும். இவன் திரும்ப உயிரோட வரலேன்னா கொன்னது அந்தத் துப்பாக்கிக் கட்டைதான். பஞ்சாயத்தாவது இலையாவது. மகன் நிக்கிறான், பாத்துக்கோ ஜுப்ரான்."

ஜுப்ரான் எஞ்சினை அணைக்காமல் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இருந்தான். ரத்வான் துப்பாக்கியை விறகுக்கட்டை மாதிரி பிடித்திருந்தான்.

சுவரில் சாய்ந்திருந்த முக்பில் மகனைப் பார்த்தான். பிறகு நூரியாவைப் பார்த்தான். இரண்டு விரலைத் தூக்கி, கத்தரிக்கோல் மாதிரி திறந்து மூடிக் காட்டினான்.

அவளுக்குப் புரிந்தது. மூச்சுக்காக மட்டும் அவன் கேட்கவில்லை. நூலை அறுத்துக் கம்பிவெட்டியை எடுத்து, அவன் உதட்டை விலக்கி, டாக்டர் தொட்டுக் காட்டிய இடங்களில் ஒவ்வொன்றாக வெட்டினாள். கடைசிக் கம்பி விட்டதும் வாய் ஒரு விரற்கடை அளவுதான் திறந்தது. அதன் வழியாகச் சீழும் கறுத்த பச்சை விழுதும் சேர்ந்து வழிந்தன. முற்றமே மூக்கைப் பொத்தியது. அவன் துப்பினான், இழுத்து ஒரு மூச்சு விட்டான், எழுந்து நிற்க அவள் தோளைப் பிடித்தான்.

"அண்ணே. எல்லாரும் கேளுங்க. அவன் அடிச்சது... பஞ்சாயத்தோட முடிஞ்சுது. இது இலை. நானா இடிச்சு நானா அடச்சேன். பொண்டாட்டி சொல்லியும் கேக்கல. என் ரத்தத்துக்கு யாரும் கடன் இல்ல. எம்மகன் கைல இருக்குறத வாங்குங்க."

குரல் நாக்குக்கு அடியிலிருந்து பிதுங்கி வந்தது. ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் எல்லோர் காதிலும் விழுந்தது. பிறகு ஜுப்ரான் பக்கம் திரும்பினான்.

"இப்ப சொல்லு மாப்ளே. நாத்தம் இன்னைக்கு எங்கிட்டருந்துதான?"

யாரும் சிரிக்கவில்லை. ரொட்டிக்காரிகளில் ஒருத்தி மட்டும் முகத்திரைக்குள் அழுத சத்தம் கேட்டது. நாவிதர் மஸூத் முன்னால் வந்து, கேட்டேன், சாட்சி என்றார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். எல்லோரும் சொன்ன பிறகு சொல்லாமல் நிற்க தைஃபல்லாவுக்கு வழியில்லை. அவரும் சொன்னார். ரத்வான் துப்பாக்கியைச் சுவரில் சாத்திவிட்டு வந்து, வாப்பாவின் கால்களைத் தூக்கினான். தலைப்பக்கம் ஜுப்ரான் பிடித்தான்.

மலைப்பாதை கற்பாதை. தார் ரோடு வருவதற்குள், நூரியாவின் மடியில், ரம்பச் சத்தம் நின்றுபோனது. ஜுப்ரான் வண்டியை நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை ஓட்டினான்.

டாக்டர் அர்வா முக்பிலின் வாயையும் கழுத்தையும் பார்த்தாள். நூரியா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், செவுள்தான் வெடித்ததா என்று. டாக்டர் இல்லை என்று தலையாட்டினாள்.

"அந்த ஓட்டை ஒரு பாவமும் பண்ணலம்மா. உடைஞ்ச இடத்துல எலும்பு சேரவே இல்ல. அழுகல் அங்கதான் ஆரம்பிச்சு கழுத்துக்கு இறங்கியிருக்கு. தாடை உடையாத ஆளுங்க ஆயுசுக்கும் இலை அடக்குறாங்க, இப்படி ஆகுறதில்ல. ரெண்டும் சேர்ந்துதான் இது."

கதவோரத்தில் நின்ற ஜுப்ரானுக்கும் அது கேட்டது. அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். ரத்வான் வெளியே வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான், அவனுக்குக் கேட்கவில்லை. நூரியா முகத்திரையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அடக்கம் முடிந்த அன்று தைஃபல்லா எல்லோர் முன்னாலும், டாக்டர் என்ன சொன்னாள் என்று கேட்டார். கேட்டவிதம் சரியில்லை. தான் சொன்ன சாட்சியிலிருந்து நழுவ ஒரு பொந்து தேடுகிற கேள்வி அது. நூரியா தட்டில் ரொட்டியை அடுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

"செவுள் மூடாம இருந்துச்சாம் மச்சான். இலைச்சாறு அதுக்குள்ள எறங்கி விஷமாயிடுச்சாம். அடி ஆறிப்போச்சுன்னு படம் எடுத்துக் காட்டுனாங்க."

ஜுப்ரான் அந்தக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. தைஃபல்லா வாயை மூடிக்கொண்டார். ஊருக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துப்போயிற்று. கழுத்தில் ஓட்டையோடு பிறந்தவன் அந்த ஓட்டையாலேயே போனான் என்று இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். மஸூத் நாவிதர் மட்டும் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுகிறார். ஆணியைக் காய்ச்சுவதையும் அவர் நிறுத்திவிட்டார் என்கிறார்கள். சிலர் இல்லை என்கிறார்கள்.

பித்தளை உரலை நூரியா கிணற்றில் போட்டுவிட்டாள். பொய் சொன்ன நாளிலிருந்து கிணற்றடியில் அவள் அதிகம் பேசுவதில்லை. ரத்வான் பஞ்சர் கடையை விட்டுவிட்டு, வண்டிக்குப் புது பாட்டரி போட்டு, சந்தையில் அதே இடத்தில் மீன் விற்கிறான். நல்ல பையன், நிறுவையும் சரி, மீனும் சரி. வேடிக்கைப் பேச்சு மட்டும் வராது. ஜுப்ரான் ஒவ்வொரு திங்களும் வருகிறான். மீனை அமுக்கிப் பார்ப்பதில்லை, வாயையும் திறப்பதில்லை. விரலால் காட்டி வாங்கிக்கொண்டு போகிறான்.